அத்திரம்பாக்கம், குடியம், பூண்டி: கற்கருவிக் களங்கள் காக்கப்பட்ட வரலாறு

ஆந்திர எல்லையை ஒட்டி ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊத்துக்கோட்டைக்கும், அதற்குத் தெற்கே கொசஸ்தலையாற்றின் கரையில் அமைந்த பூண்டிக்கும் இடையே, அல்லிக்குழி மலைத்தொடர் என வழங்கும் தாழ்ந்த குன்றுகளும் முட்புதர்க் காடும் ஏரிகளும் சிற்றோடைகளும் பரந்து கிடக்கின்றன. சீத்தஞ்சேரி வழியாக இந்நிலத்தைக் கடந்து செல்பவரை நிறுத்திப் பார்க்க வைக்கும் கோபுரமோ கோட்டை மதிலோ இங்கே இல்லை. ஆயினும், இந்தியத் துணைக்கண்டத்தில் மனித இனம் தன் கையால் செய்த பொருள்களுக்குக் கிடைத்துள்ள மிகத் தொன்மையான சான்றுகளுள், காலம் உறுதியாகக் கணிக்கப்பட்டவை, இந்நிலத்தின் சிற்றூர்களுள் ஒன்றான அத்திரம்பாக்கத்தின் மண்ணிலிருந்துதான் வெளிவந்தன. இக்களங்கள் கண்டறியப்பட்டு 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவ்வளவு காலமாக அவை எவ்வாறு காக்கப்பட்டன, எவ்வாறு மக்களுக்குக் காட்டப்பட்டன என்பது, கோயில்களும் சிற்பங்களும் காக்கப்பட்ட கதையிலிருந்து பெரிதும் வேறுபட்டது.

கோயிலைக் காப்பவர் கட்டடத்தின் கற்கள் சரியாமலும் கல்வெட்டு தேயாமலும் பார்த்துக்கொண்டால் போதும். காக்கவேண்டிய பொருள் கண்ணுக்கு நேரே நிற்கிறது. கற்கருவிக் களம் அத்தகையதன்று. தொல்லியல் களம் எனப்படுவது, பண்டை மனிதர் விட்டுச்சென்ற பொருள்கள் அவை விழுந்த இடத்திலோ அதற்கு அருகிலோ மண்ணில் புதைந்து கிடக்கும் நிலப்பரப்பு. அங்கே ஒரு கருவி எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், வேறு எவற்றுடன் சேர்ந்து கிடந்தது என்பதே அதன் காலத்தையும் பயனையும் சொல்லும் சான்று. அந்த இடத்திலிருந்து குறிப்பின்றி எடுக்கப்பட்ட கருவி, எவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்டதாயினும், கட்டு அவிழ்ந்து வரிசை கலைந்த சுவடியின் ஓர் ஏட்டைப் போலவே எஞ்சும். எனவே இங்கே காக்கப்படவேண்டியது கல் மட்டுமன்று, அதைச் சூழ்ந்த மண்ணும்தான் என்ற உண்மை, ஆய்வாளர்களுக்கும் சட்டத்துக்கும் மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது.

இவ்வரலாற்றின் தொடக்கம் 1863ஆம் ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் பணியில் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் படையினர் அணிவகுப்புத் திடலை ஒட்டிய செம்மண் சரளையில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். கைக்கோடரி என்பது பிடியற்ற, கையால் நேரடியாகப் பற்றிப் பயன்படுத்தப்பட்ட, இருபுறமும் செதில் நீக்கிக் கூர்மையாக்கப்பட்ட கல். ஐரோப்பாவில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூஷே த பெர்த் திரட்டிய அத்தகைய கற்கள் மனிதன் செய்தவையே என்பதை 1859இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் ஆகியோர் நேரில் சென்று உறுதிப்படுத்தியிருந்தனர்; மனித இனத்தின் பழமை பற்றிய விவாதம் உலகெங்கும் சூடுபிடித்திருந்த அந்த ஆண்டுகளில்தான் ஃபூட் தமது கண்களைத் தரையில் பதித்து நடந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் அத்திரம்பாக்கத்து ஓடையில் கருவிகள் ஏராளமாகக் கிடப்பதைக் கண்டார். பல்லாவரத்தில் கிடைத்தது ஒற்றைச் சான்று. அத்திரம்பாக்கத்திலோ ஓடை அரித்த கரைகளில் மண்ணடுக்குகளின் வரிசையையே காணமுடிந்தது. இந்தியாவிலும் பழைய கற்காலம் இருந்தது என்ற முடிவுக்கு உறுதியான அடித்தளம் ஊத்துக்கோட்டைக்கு அருகிலுள்ள இந்த ஓடையில்தான் இடப்பட்டது.

ஃபூட் கள அறிஞர். ஒவ்வொரு கல்லும் எங்கே கிடைத்தது என்பதைக் குறித்துவைக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் நானூறுக்கும் மேற்பட்ட களங்களிலிருந்து அவர் திரட்டிய தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. அவர் 1912இல் மறைந்த பின், அதன் விளக்கப் பட்டியல் 1914இலும் அதற்கான குறிப்புரை 1916இலும் நூல்களாக வெளிவந்தன. 1851இல் நிறுவப்பட்ட அந்த அருங்காட்சியகத்துக்கு இத்தொகுப்பு ஒரு பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. தனியார் கையில் சிதறியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பொருள்கள், இடப்பெயர்க் குறிப்புகளுடன் ஒரே கூரையின்கீழ்ப் பொதுச்சொத்தாக நிலைத்தன. ஆனால் அந்த முறையின் குறையையும் சொல்லியாகவேண்டும். கல் காப்பாற்றப்பட்டதே தவிர, களம் காப்பாற்றப்படவில்லை. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வரை சென்றன. அவற்றைச் செய்த மனிதர் அமர்ந்திருந்த தரை எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பல்லாவரத்தின் நிலை இதைவிடத் துயரமானது. முதற் கைக்கோடரி கிடைத்த சூழலை இன்று அங்கே சென்று அடையாளம் காண வழியின்றி, நகரம் அதை முற்றிலும் மூடிவிட்டது.

அக்காலத்துச் சட்டமும் இதற்குத் துணை நிற்கவில்லை. கர்சன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1904ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம், கட்டடம், நினைவுச்சின்னம், ஈமக்குழி, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் ஆகியவற்றை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது; சரளைக் கற்கள் இறைந்து கிடக்கும் ஒரு திறந்த ஓடைக்கரை அந்த வரையறைக்குள் எளிதில் அடங்கவில்லை. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டுச் சட்டம்தான், தொல்லியல் களம் என்பதற்கு, குறைந்தது நூறாண்டுப் பழமையுள்ள வரலாற்று முதன்மை கொண்ட எச்சங்கள் அடங்கியுள்ள அல்லது அடங்கியிருப்பதாகத் தக்க காரணத்துடன் நம்பப்படும் நிலப்பரப்பு என்று விரிந்த வரையறையை அளித்தது. கட்டடம் எதுவும் இல்லாத வெற்று நிலத்தையும் நாட்டின் மரபுச்செல்வம் என்று அறிவிக்க முடியும் என்ற கருத்து சட்டமாகியது இங்கேதான். தமிழ்நாடு அரசு 1961இல் தொல்லியல் துறையை நிறுவி, 1966இல் தனக்கென ஒரு சட்டத்தையும் இயற்றிக்கொண்டது. 2010இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி எனவும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி எனவும் வரையறுக்கப்பட்டது.

சட்டம் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆய்வும் வளர்ந்தது. 1930இல் கம்மியாட், பர்க்கிட் ஆகிய இருவரும் தென்கிழக்கு இந்தியக் கற்காலம் பற்றிய புதிய காலவரிசையை முன்வைத்தனர்; அதே பத்தாண்டில் டி டெர்ரா, பேட்டர்சன் ஆகியோர் கொசஸ்தலையாற்றுப் படுகையிலும், ஊத்துக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த வடமதுரையிலும் மண்ணடுக்குகளையும் கருவிகளையும் இணைத்து ஆராய்ந்தனர். தமிழறிஞர் உலகில் மேலும் நினைவுகூரப்படவேண்டியவர் வி. டி. கிருஷ்ணசாமி. இப்படுகையின் கருவிகளை நுணுகி ஆராய்ந்து, வடமேற்கே சோகன் ஆற்றுப் பகுதியில் பெரிதும் கிடைத்த கூழாங்கல் கருவிகளுக்கு மாறாக, தெற்கே கைக்கோடரியே தலைமைக் கருவியாக விளங்கியதை அவர் விளக்கினார். சென்னைக் கைக்கோடரி மரபு என்று உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெற்ற பெயர், உண்மையில் கொசஸ்தலையாற்றுப் படுகையின் சிற்றூர்களுக்கு உரிய புகழ்; நகரத்தின் பெயர் அதன்மேல் ஏறிக்கொண்டது.

இதற்கிடையே, அதே ஆற்றின்மீது சென்னையின் குடிநீர்த் தேவைக்காக ஓர் அணை எழுந்தது. சென்னை மேயராக இருந்த எஸ். சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940இல் தொடங்கப்பட்டு 1944இல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கம், அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என அழைக்கப்படுகிறது. அதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அந்நீர்ப்பரப்பு எழுந்தபோது, சுந்தரரால் பாடப்பெற்ற திருவெண்பாக்கத்துச் சிவன் கோயிலுக்கு அதன் பழைய இடத்தில் நிலைக்க வழியில்லாமல் போனது. இறைவனும் கோயிலும் பூண்டியில் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டனர். ஊன்றீசுவரர் என்ற பெயரில் வழிபாடு இன்றும் தொடர்கிறது. கோயிலை இடம்பெயர்க்க முடிகிறது, ஏனெனில் வழிபாட்டின் தொடர்ச்சி இறைத்திருமேனியோடும் அடியவரோடும் சேர்ந்து செல்கிறது. நீருக்கடியிலோ கரையோரத்திலோ சிக்கிய கற்கருவிக் களத்தை அவ்வாறு பெயர்த்து வேறிடத்தில் வைக்கமுடியாது. அதன் பொருளே அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது. மரபுப் பாதுகாப்பில் எல்லாச் சின்னங்களுக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதற்கு, ஒரே நீர்த்தேக்கத்தின் கரையிலேயே அமைந்த சான்று இது.

1960களில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் கே. டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியத்திலும் அகழாய்வு செய்தார். குடியம், கூழாங்கல் திரளைப் பாறையால் ஆன, உயர்ந்த கூரை போல் முன்னே நீண்டு நிற்கும் இயற்கைப் பாறை ஒதுங்கிடங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். கூழாங்கல் திரளை என்பது பண்டை நீரோட்டம் உருட்டிக் குவித்த கற்கள் காலப்போக்கில் இறுகி ஒரே பாறையாகியது. அதிலிருந்து கழன்று விழும் குவார்ட்சைட் என்னும் கடுங்கல்லே இப்பகுதிக் கருவிகளின் மூலப்பொருள். இத்தகைய ஒதுங்கிடங்கள் அங்கே 16 கணக்கிடப்பட்டுள்ளன. பானர்ஜியின் அகழாய்வில் குகைக்குள் கிடைத்த கருவிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. மனிதர் அங்கே நிலையாகத் தங்காமல் அவ்வப்போது ஒதுங்கிச் சென்றிருக்கவேண்டும் என்ற கருத்து அதனால் எழுந்தது. குகை என்றாலே ஆதிமனிதனின் வீடு என்று எண்ணும் பொதுமனத்துக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆயினும், உண்மை எதுவோ அதையே பார்வையாளருக்குச் சொல்வதுதான் மரபை முறையாகக் காட்டுவதாகும். குடியம் குகையைப் பற்றிப் பேசுவோர் பலர் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மக்கள் அங்கே வாழ்ந்ததாக எழுதிவருவது, களத்தின் பெருமையைக் கூட்டவில்லை.

குடியத்தில் வேறொரு காப்பும் உண்டு. பெரிய ஒதுங்கிடத்தில் மணச்சம்மன் வழிபாடு நடைபெறுகிறது. ஊரார் காப்புக்காட்டின் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து பொங்கலிட்டுச் செல்கின்றனர். தொல்லியலார் சிலர் குகைக்குள் வழிபாடு நடப்பதைக் களத்துக்கு ஏற்படும் இடையூறாகக் கருதுவதுண்டு. தீ மூட்டுவதும் தரையைச் சமன் செய்வதும் மண்ணடுக்கைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆயினும், அரசு ஒரு பலகைகூட நடாத காலத்திலும் அந்தப் பாறையை எவரும் உடைத்துக் கற்களாக்கி விற்காமல் இருந்ததற்கு, அங்கே அம்மன் குடியிருக்கிறாள் என்ற ஊராரின் நம்பிக்கை பெருங்காரணம் என்று கொள்வதில் தவறில்லை. எனவே வழிபடுவோரை வெளியேற்றாமல், அகழ்வதற்குரிய பகுதியை மட்டும் எல்லையிட்டு, அவர்களையே களத்தின் காவலராக ஏற்பதுதான் இத்தகைய இடங்களுக்குத் தக்க வழி.

பொதுமக்களுக்குக் காட்டும் பணியில் குறிப்பிடத்தக்க படி 1985இல் வைக்கப்பட்டது. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பூண்டியில் ஓர் அகழ்வைப்பகத்தை நிறுவியது. அகழ்வைப்பகம் என்பது, பல ஊர்ப் பொருள்களைத் தலைநகரில் திரட்டும் அருங்காட்சியகத்திலிருந்து வேறுபட்டு, ஒரு வட்டாரத்தில் கிடைத்த தொல்பொருள்களை அவ்வட்டாரத்திலேயே வைத்துக் காட்டும் கூடம். இதனால் நூறாண்டுக்கு மேல் வெளியேறிக்கொண்டே இருந்த கருவிகளில் ஒரு பகுதியேனும் தாம் பிறந்த மண்ணின் மக்கள் காணும்படி அங்கேயே தங்கிற்று. திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பள்ளி மாணவர் சென்னைக்குச் செல்லாமலே கைக்கோடரியைக் கண்முன் காண வழி பிறந்தது. இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கப்பட்ட கற்கள், அவற்றை முதன்முறையாகப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் வெறும் கற்களாகவே தோன்றும். ஒரு கல்லில் எந்த முகம் மனிதன் தட்டிய முகம், எது இயற்கையாக உடைந்த முகம், எந்த அடியால் எந்தச் செதில் பெயர்ந்தது என்பதை ஒருவர் கையில் எடுத்து விளக்கினாலன்றி, பெயர்ச்சீட்டு மட்டும் அதைச் சொல்லிவிடாது.

1999 முதல் அத்திரம்பாக்கம் ஆய்வில் புதிய காலம் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல நாட்டு அறிவியலாளரோடு இணைந்து அங்கே அகழாய்வு நடத்தினர். சில அகழ்குழிகள் ஏழு மீட்டருக்கும் ஆழமாகச் சென்றன. அங்கே கைக்கோடரிகளுடன் எருமை, நீலான், குதிரை ஆகியவற்றைச் சேர்ந்தவையெனக் கருதப்படும் விலங்குகளின் பற்படிமங்களும் கிடைத்தன. காலக்கணிப்புக்கு இரண்டு முறைகள் கையாளப்பட்டன. மண்ணடுக்கில் உறைந்துள்ள புவிக்காந்தத் திசையை அளந்து, அது இன்றைய திசைக்கு எதிராக இருந்த பழங்காலத்தைச் சேர்ந்ததா என்று காண்பது ஒன்று; விண்ணிலிருந்து வரும் கதிர்கள் திறந்த வெளியில் கிடந்த கல்லில் உண்டாக்கிய அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள், கல் மண்ணில் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் தேய்வதை அளந்து, புதைந்த காலத்தைக் கணிப்பது மற்றொன்று. அதன்படி, அச்சூலியன் எனப்படும் கைக்கோடரிப் பண்பாட்டினர் அங்கே ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், மிகக் குறைத்துக் கணித்தாலும் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தனர் என்ற முடிவு 2011இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. 2018இல் நேச்சர் இதழில் வெளிவந்த அடுத்த ஆய்வு, அதே களத்தின் மேலடுக்குகளில் கிடைத்த 7,200க்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்து, பெருங்கருவிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறு செதில்களால் கருவி செய்யும் இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது என்று காட்டியது.

இந்த இரு முடிவுகளும் பாதுகாப்பு வரலாற்றுக்கு உரைக்கும் செய்தி ஒன்றுண்டு. 1863இல் ஓடையில் பொறுக்கப்பட்ட கருவிகள் எத்தனை இருந்தாலும் அவற்றைக் கொண்டு இந்தக் காலத்தைக் கணித்திருக்கமுடியாது. கணிக்க உதவியது, ஒன்றரை நூற்றாண்டாகத் தற்செயலாகவே கலையாமல் தப்பிய மண்ணடுக்குதான். இன்றுள்ள அறிவியல் கேட்கும் கேள்விகளைவிட நாளைய அறிவியல் கேட்கும் கேள்விகள் நுட்பமானவையாக இருக்கும் என்பதால், எந்தக் களத்திலும் ஒரு பகுதியைத் தோண்டாமல் விட்டுவைப்பதே நல்ல ஆய்வாளரின் கடமை எனப்படுகிறது.

களத்தை அதன் இடத்திலேயே காட்டும் முறைக்கு உலகில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. கென்யாவின் ஒலொர்கெசைலியில், லூயி லீக்கி, மேரி லீக்கி ஆகியோர் 1940களில் ஆராய்ந்த நிலத்தில், ஆயிரக்கணக்கான கைக்கோடரிகள் கிடந்தபடியே விடப்பட்டு, அவற்றின்மேல் மரப்பாலம் அமைக்கப்பட்டுள்ளது. பார்வையாளர் தரையை மிதிக்காமல் நடந்தபடி, பண்டை மனிதர் விட்டுச்சென்ற நிலையிலேயே அவற்றைக் காண்கின்றனர். தமிழகத்திலும் இம்முறை தொடங்கிவிட்டது. ஆதிச்சநல்லூரில் அகழ்குழிகளின்மேல் கண்ணாடி அமைத்து, தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காட்டும் ஏற்பாடு 2023இல் செய்யப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டு, பெருந்திரளான மக்களை ஈர்த்துவருகிறது. இரண்டாயிரத்துச் சொச்ச ஆண்டுப் பழமைக்குத் தமிழ்ச் சமூகம் காட்டும் இந்த ஆர்வத்தில் சிறு பங்கேனும், பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமைக்குக் கிட்டவில்லை. மொழியும் பெயரும் அறியப்படாத அந்த மனிதரை எவரும் தம் முன்னோர் என்று உரிமை கொண்டாட முடியாமையே இதற்குக் காரணமாகலாம். அவர்கள் நம் இனத்துக்கும் முந்திய மனித இனத்தவர். எல்லா மனிதருக்கும் பொதுவான மரபாக இருப்பதே அக்களத்தின் தனிச்சிறப்பு என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய பொறுப்பு, அதைக் காட்டுவோருக்கு உண்டு.

காலம் அதிகம் இல்லை. சென்னையின் வடக்கு விளிம்பு, கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் தொழில் வளாகங்களாகவும், அவற்றுக்கான சாலைகளாகவும், 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை நீர்த்தேக்கமாகவும் விரிந்துவருகிறது. இவை மக்களுக்குத் தேவையானவை. ஆனால் சாலைக்கும் மனைக்கும் நிரப்ப வெட்டப்படும் சவுடு மண்ணும் கிராவல் எனப்படும் செம்மண் சரளையும், இப்பகுதியில் கற்கருவிகள் புதைந்து கிடக்கும் அடுக்குகளேயாகும் என்பதைத் திட்டமிடுவோர் மறந்துவிடலாகாது. பொக்லைன் எந்திரம் ஒரே நாளில் அள்ளிச் செல்லும் சரளையில், ஓர் அகழாய்வுக் குழு பத்தாண்டுகள் படிக்கவேண்டிய அடுக்கு அடங்கியிருக்கக்கூடும். ஆகவே ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டங்களில் சவுடு, கிராவல் எடுக்க அனுமதி வழங்குமுன் தொல்லியல் வல்லுநர் அந்நிலத்தை நடந்து பார்த்துச் சான்றளிப்பது கட்டாயமாக்கப்படவேண்டும். அத்திரம்பாக்கத்தில் தோண்டாத பகுதிக்கு வேலியும் காவலும், தோண்டிய ஓர் அகழ்குழியின்மேல் கூரையும் நடைமேடையும், உள்ளூர் இளைஞரிலிருந்தே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் அமைக்கப்படவேண்டும். இவற்றுக்கு ஒரு பெரிய கட்டடத்துக்கு ஆகும் செலவு ஆகாது. இக்குன்றுகளில் நடந்து செல்லும் வாசகர், செதுக்கிய முகமுள்ள ஒரு கல்லைக் கண்டால், அதைப் பையில் போட்டுக்கொள்ளாமல், கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துப் பூண்டி அகழ்வைப்பகத்தில் தெரிவிக்கவேண்டும்.